பாலைவனம் பார்க்கப் போனோம்

சம்பூர், கடற்கரைச்சேனை, கூனித்தீவுப் பக்கங்களில் ஒரு பெண்ணைப் பற்றி “வெளிநாட்டுக்குப் போயிருக்கிறா” என்று சொன்னால் யாரும் கனடாவையோ லண்டனையோ நினைப்பதில்லை. சவூதி, குவைத், கட்டார், டுபாய், ஓமான் என்று ஏதோ ஒரு நாட்டில், ஏதோ ஒரு வீட்டில் பணிப்பெண்ணாக இருக்கிறா என்பதுதான் அதன் பொருள். மாதர் சங்கங்களோடு வேலை செய்பவள் என்ற முறையில், திரும்பி வந்த எத்தனையோ பெண்களோடு நான் கதைத்திருக்கிறேன். அனுப்பிய காசு என்னவானது, பிள்ளைகள் எப்படிப் படித்தார்கள், கணவன் எப்படி இருந்தார் என்பதெல்லாம் சொல்வார்கள். அந்த நாடு எப்படி இருந்தது என்று கேட்டால் மட்டும் சிரிப்பார்கள். “எங்க பார்த்தது? எயார்போட்டில இருந்து வீடு, வீட்டில இருந்து எயார்போட்” என்பதே அனேகமாகக் கிடைக்கும் பதில்.

2025 தை மாதத்தில் கட்டாரில் வேலை செய்யும் என் தம்பியிடம் மூன்று கிழமை தங்கி வரும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அங்கு பார்த்தவற்றுள் ஒரு நாள் பயணத்தை மட்டும் இங்கு எழுதுகிறேன். அது பாலைவனத்தைப் பற்றிய கதைதான் என்றாலும், எங்கள் ஊர்ப் பெண்களைப் பற்றியதும்தான்.

டயரில் காற்றைக் குறைத்தல்

டோஹாவின் தெற்கே, சவூதி எல்லையோரமாக, கோர் அல் உதைத் என்ற இடம் இருக்கிறது. கடல் ஒரு ஒடுங்கிய வாய் வழியாகப் பாலைவனத்துக்குள் புகுந்து, மணல்மேடுகளுக்கு நடுவே ஏரிபோல விரிந்து கிடக்கிறது. “உள்நாட்டுக் கடல்” என்று அதை அழைக்கிறார்கள். 2007இல் கட்டார் அரசு அதை இயற்கை ஒதுக்கிடமாக அறிவித்தது. அங்கு போவதற்குத் தார் வீதி கிடையாது. நான்கு சில்லுகளும் சேர்ந்து இழுக்கும் வாகனத்தில்தான் போகலாம்.

எங்களைக் கூட்டிப்போனவர் கிண்ணியாவைச் சேர்ந்த சாரதி. பதினைந்து வருடமாக அந்த மணலில் வாகனம் ஓட்டுகிறார். தம்பிக்குத் தெரிந்தவர் என்பதால் எண்ணெய்க் காசை மட்டும் வாங்கிக்கொண்டு தன் விடுமுறை நாளில் வந்தார். நாங்கள் அவரை நானா என்றோம். எங்களுடன் தம்பியின் மனைவியும், கடற்கரைச்சேனையைச் சேர்ந்த ஒரு அக்காவும் வந்தார்கள். அக்கா ஆறு வருடமாக டோஹாவில் ஒரு வீட்டில் வேலை செய்கிறார். வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. பெயர் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அக்கா என்றே எழுதுகிறேன்.

காலை ஏழு மணிக்குப் புறப்பட்டோம். வழியில் மெஸையீத் கைத்தொழில் நகரம் வந்தது. பெற்றோலிய இரசாயனம், உருக்கு, உரம் என்று தொழிற்சாலைகள் வரிசையாக நிற்கின்றன. உலகின் மிகப்பெரிய யூரியா உற்பத்தி நிலையங்களில் ஒன்று அங்கேதான் இருக்கிறது. உயர்ந்த புகைபோக்கிகளைப் பார்த்தபோது எனக்குச் சம்பூரில் கட்டுவதற்கு இருந்த அனல்மின் நிலையம் நினைவுக்கு வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

வீதி முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் நானா வாகனத்தை நிறுத்தி, நான்கு டயரிலும் காற்றைத் திறந்துவிட்டார். வீதியில் 35 இறாத்தல் இருந்த காற்று 15, 16க்கு இறங்கியது. டயர் நிலத்தில் பரந்து தட்டையாகிறது. பாரம் கூடிய இடத்தில் பரவுவதால் சில்லு மணலைத் தோண்டாமல் அதன்மேல் ஏறிப் போகிறது. எங்கள் கடற்கரை மணலில் லான்ட் மாஸ்டர் புதைந்தபோதெல்லாம் இன்னும் வேகமாகச் சில்லைச் சுற்றவிட்டு இன்னும் ஆழமாகப் புதைத்தவர்கள் நாங்கள். “மணலோட சண்டை பிடிக்கக் கூடாது தங்கச்சி, இறங்கிக் குடுத்தாத்தான் அது வழி விடும்” என்றார் நானா.

அவர் சொன்ன வேறு சில விடயங்களும் தெரிந்திருக்க வேண்டியவை. தனி வாகனமாக ஒருபோதும் உள்ளே போகக்கூடாது. அன்றும் அவருடைய நண்பரின் வாகனம் பின்னால் வந்தது. மணல்மேட்டில் காற்று வரும் பக்கம் சரிவாகவும் மறுபக்கம் செங்குத்தாகவும் இருக்கும். உச்சிக்கு ஏறியதும் மறுபக்கத்தைப் பார்க்காமல் இறங்கினால் வாகனம் குப்புற விழும். செங்குத்தில் நேராகத்தான் இறங்க வேண்டும், சரிந்து போனால் உருண்டுவிடும். வட மேற்குக் காற்று மேடுகளை மெல்ல மெல்ல நகர்த்திக்கொண்டே இருப்பதால் போன வருடத்துப் பாதை இந்த வருடம் இருக்காது. வெள்ளையாகத் தட்டையாகத் தெரியும் உப்புத்தரையை நம்பக்கூடாது. அதைச் சப்கா என்கிறார்கள். மேலே காய்ந்தும் கீழே சேறாகவும் இருக்கும். கர்ப்பிணிகளும் முதுகு நோய் உள்ளவர்களும் இந்தப் பயணத்துக்குப் போகவே கூடாது.

முதல் மேட்டில் இறங்கியபோது தம்பியின் மனைவியும் நானும் கத்தினோம். முன்சீற்றில் இருந்த அக்கா அசையவில்லை.

முன்சீற்றில் இருந்த அக்கா

“பயமில்லையா அக்கா?” என்று கேட்டேன்.

“நான் இஞ்ச ஆறேழு தரம் வந்திருக்கிறன் தங்கச்சி. முன்னுக்கு இருந்து வாறது இண்டைக்குத்தான்” என்றார்.

குளிர்காலத்தில் கட்டார் குடும்பங்கள் பாலைவனத்தில் கூடாரம் அடித்துத் தங்குவது வழக்கம். கார்த்திகையில் தொடங்கிப் பங்குனி, சித்திரை வரை அந்தக் காலம். பிள்ளைகள் மணலில் ஓடுவார்கள், ஆண்கள் வாகனம் ஓட்டுவார்கள், இரவில் நெருப்பு மூட்டி இறைச்சி சுடுவார்கள். அக்காவின் வீட்டுக்காரரும் ஒவ்வொரு வருடமும் வருகிறார்கள். அக்காவும் வருவார். பின்சீற்றில், சட்டி பானை, தண்ணீர்ப் போத்தல்களுக்கு நடுவில். கூடாரத்தில் சமையலும் கழுவலும் அவருக்கே. “அவங்களுக்கு அது லீவு. எனக்கு வீட்டு வேலையை மணலுக்குக் கொண்டு போறது. பைப் இல்லாத இடத்தில இருபது பேரின்ர கோப்பை கழுவுறது எப்படியெண்டு எனக்கிட்டக் கேளுங்க” என்றார். அந்த வீட்டார் மோசமானவர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். அடித்ததில்லை, சம்பளம் பிந்தியதில்லை, பிள்ளைகள் தன்மேல் உயிர். கேட்டுக் கேட்டுத்தான் வெள்ளிக்கிழமை லீவு கிடைத்தது. கடவுச்சீட்டு மட்டும் எஜமானியின் அலுமாரியில்.

நான் ஒரு சமூகவியல் மாணவியாக “வீட்டு உழைப்பு கண்ணுக்குத் தெரியாத உழைப்பு” என்று பரீட்சைக்கு எழுதியிருக்கிறேன். அதே மணல்மேட்டைச் சுற்றுலாப் பயணி ஒருவரும் பணிப்பெண் ஒருவரும் எவ்வளவு வேறு வேறாகக் காண்கிறார்கள் என்பதை அக்காவின் பக்கத்தில் இருந்தபோதுதான் பார்த்தேன்.

அக்கரையில் சவூதி

பத்தரை மணியளவில் கடைசி மேட்டின் உச்சியில் வாகனம் நின்றது. கீழே நீலமாகக் கடல். இக்கரையில் பொன்னிற மணல், அக்கரையில் மங்கலாகக் குன்றுகள். “அந்தா தெரியிறது சவூதி” என்றார் நானா. குளிர்காலத்தில் பூநாரைகள் வரும் இடம் அது. நாங்கள் இறங்கிக் காலை நனைத்தோம். அழகான இடம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

சவூதி என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் மூவருக்கும் ஒரே நினைவு வந்தது. யாரும் உடனே சொல்லவில்லை. கடைசியில் நானாதான் “ரிசானா பிள்ளை” என்றார்.

மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக்கை வாசகியர் மறந்திருக்க மாட்டீர்கள். 2005இல் சவூதிக்குப் பணிப்பெண்ணாகப் போனபோது அவருக்கு 17 வயது. கடவுச்சீட்டில் 23 வயது என்று மாற்றப்பட்டிருந்தது. போய்ச் சில கிழமைகளிலேயே, அவரது பொறுப்பில் விடப்பட்டிருந்த நான்கு மாதக் குழந்தை இறந்தது. பால் கொடுக்கும்போது மூச்சடைத்தது என்று அவர் சொன்னார். கொலை என்று நீதிமன்றம் 2007இல் தீர்ப்பளித்தது. உலகெங்கும் இருந்து வந்த வேண்டுகோள்கள் பயன் தரவில்லை. 2013 தை 9ஆம் திகதி தவாத்மி நகரில் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. ஒரு வீட்டின் வறுமையும், வயதை மாற்றி எழுதிய ஒரு பேனையும், குழந்தை வளர்க்கத் தெரியாத ஒரு சிறுமியின் கையில் கைக்குழந்தையைக் கொடுத்த ஏற்பாடும் சேர்ந்து செய்த வேலை அது. மூதூர் எங்களுக்குப் பக்கத்து ஊர். அந்த மரணத்துக்கு மூதூரில் அழுதது போலவே சம்பூர் ஆட்கள் இருந்த முகாம்களிலும் அழுதார்கள்.

ஊரே பாலையானபோது

சம்பூர் ஆட்கள் ஏன் 2013இல் முகாமில் இருந்தார்கள் என்பதை இளைய வாசகியருக்காகச் சொல்ல வேண்டும். 2006 ஏப்ரலில் விமானக் குண்டுவீச்சும் எறிகணை வீச்சும் தொடங்கியபின் மக்கள் ஊரை விட்டு ஓடினார்கள். வாகரை வழியாக மட்டக்களப்புக்குப் போய், பிறகு கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் நலன்புரி நிலையங்களுக்கு வந்து சேர்ந்தார்கள். 2007இல் சம்பூர் உயர் பாதுகாப்பு வலயமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. இந்தியாவுடன் சேர்ந்து 500 மெகாவாற் அனல்மின் நிலையம் கட்டுவதற்கும், வேறு கைத்தொழில்களுக்கும் காணி ஒதுக்கப்பட்டது. 2015இல்தான் 818 ஏக்கர் காணி விடுவிக்கப்பட்டது. கடற்படை முகாம் இருந்த 237 ஏக்கர் 2016 பங்குனியில் கிடைத்தது. அதே வருடம் செப்டெம்பரில் அனல்மின் திட்டமும் கைவிடப்பட்டது. 2025 ஏப்ரலில் அங்கு 120 மெகாவாற் சூரிய மின் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது.

திரும்பிப் போனவர்கள் கண்டது வீடில்லாத ஊரை. சுவர்கள் இடிக்கப்பட்டிருந்தன, கிணறுகள் தூர்ந்திருந்தன, வேலி எல்லை தெரியவில்லை. எது யாருடைய வளவு என்று ஒரு மரத்தையோ கோவிலையோ அடையாளம் வைத்துத் தேடினார்கள். பத்து வருடம் தகரக் கொட்டிலில் வாழ்ந்து, வயலும் மாடும் இழந்த குடும்பங்களில் பெண்கள் கடவுச்சீட்டு எடுத்ததில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? அக்காவும் கிளிவெட்டி முகாமில் இருந்தவர்தான். ஊர் திரும்பியபின் வீடு கட்டப் போன கடனை அடைக்கவே கட்டாருக்கு வந்தார்.

பாலைக்கென்று தனி நிலமில்லை, முல்லையும் குறிஞ்சியும் வளம் கெட்டால் பாலையாகும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். பாலையின் உரிப்பொருள் பிரிவு என்பதும் நினைவிருக்கும். அந்த மணலில் நின்றபோது இந்தப் பாடம் முதன்முறையாக எனக்கு விளங்கியது. எங்கள் வயல் நிலம் வெயிலால் பாலையாகவில்லை. மனிதர்கள் அதைப் பாலையாக்கினார்கள். பிரிவு அங்கிருந்தே தொடங்கியது. ஒரு வித்தியாசம் மட்டும். பழைய இலக்கணத்தில் பொருள் தேடிப் பிரிந்து போகிறவன் ஆண், வீட்டில் காத்திருப்பவள் பெண். பெண்ணைக் கூட்டிக்கொண்டு கடல் கடப்பது வழக்கமில்லை என்று தொல்காப்பியம் சொல்கிறது. இப்போது கடல் கடப்பவள் பெண். ஆனால் காத்திருக்கும் வீட்டின் பொறுப்பும் இன்னும் அவளுடையதாகவே இருக்கிறது. பிள்ளை படிக்காவிட்டால், கணவன் குடித்தால், மகள் இளவயதில் திருமணம் முடித்தால் “தாய் வெளிநாடு போனதால வந்த வினை” என்கிறார்கள். 2013இல் அரசாங்கம் கொண்டுவந்த குடும்பப் பின்னணி அறிக்கையும் 5 வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாயைத்தான் தடுத்தது. தகப்பனிடம் யாரும் அப்படியொரு அறிக்கை கேட்கவில்லை. சட்டப்படி போக முடியாத தாய்மார் பலர் கள்ளவழியில் போனார்கள். 2022இல் விதிகள் தளர்த்தப்பட்டன.

மணலில் போட்ட கணக்கு

மதியம் புட்டும் மீன் பொரியலும் சாப்பிட்டபின் அக்கா ஒரு விடயம் கேட்டார். வரும் வருடம் ஒரேயடியாக ஊர் திரும்ப நினைக்கிறாராம். போகும்போது எஜமானி ஏதாவது தருவாவா என்று கேட்டார்.

“ஏதாவது” என்ற அந்தச் சொல் எனக்கு உறைத்தது. கட்டாரில் வீட்டுப் பணியாளர்களுக்கென்று 2017இல் தனிச் சட்டம் வந்தது. நாளைக்கு 10 மணித்தியாலத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. கிழமையில் ஒரு முழு நாள் ஓய்வு. வருடத்துக்கு மூன்று கிழமை சம்பளத்துடன் லீவு. வேலை முடிந்து போகும்போது, செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் குறைந்தது மூன்று கிழமைச் சம்பளம் கொடுக்க வேண்டும். 2021 பங்குனி முதல் குறைந்த சம்பளம் 1,000 ரியால் என்பது பணிப்பெண்களுக்கும் உரியது. 2020 முதல் அவர்கள் நாட்டை விட்டு வெளியேறுவதற்கு எஜமானரின் அனுமதி தேவையில்லை, முன்கூட்டி அறிவித்தால் போதும். அவரிடம் கடிதம் வாங்காமல் வேலை மாறவும் சட்டம் இடம் கொடுக்கிறது.

அக்கா இதில் ஒன்றைக்கூடக் கேள்விப்பட்டிருக்கவில்லை. நானா விரலால் மணலில் கணக்குப் போட்டார். மாதம் 1,000 என்றால் மூன்று கிழமைக்கு 700. ஆறு வருடத்துக்கு 4,200 ரியால். எங்கள் காசில் மூன்று இலட்சத்துக்கு மேல். அக்கா அந்த எண்ணைக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “அப்ப இது கேட்டு வாங்குற காசு இல்ல. தர வேண்டிய காசு” என்றார்.

சட்டம் இருப்பது வேறு, ஒரு வீட்டுக் கதவுக்குப் பின்னால் அது நடப்பது வேறு என்பதை நான் அறிவேன். கடவுச்சீட்டை எஜமானர் வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் சொல்லியும் அது அலுமாரியில்தான் இருக்கிறது. இருந்தாலும் உரிமை என்று தெரிந்து கேட்பவளுக்கும், தருமம் என்று நினைத்துக் கையேந்துபவளுக்கும் குரலிலேயே வித்தியாசம் இருக்கும். மாலையில் வீதிக்கு ஏறி நானா டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தபோது, சம்பளம் வாங்கிய திகதிகளைக் கொப்பியில் எழுதி வைக்கவும், ஒப்பந்தத்தைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து மகளுக்கு அனுப்பவும் அக்கா முடிவு செய்தார்.

போகும் முன் கேட்க வேண்டியவை

ஊர் திரும்பியதும் எங்கள் சங்கக் கூட்டத்தில் இந்தப் பயணத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் 26 வயதுத் தாய் ஒருவரும் இருந்தார். மூன்று வயதில் ஒரு பிள்ளை. கணவன் விட்டுப் போய்விட்டார். சப் ஏஜென்ட் ஒருவர் ஓமானுக்கு அனுப்புவதாக ஒரு இலட்சம் ரூபா முற்பணம் கொடுத்திருந்தார். “முதல்ல விசிட் விசாவில போங்க, அங்க போனதும் மாத்தலாம்” என்று சொல்லியிருந்தார்.

2022இல் இப்படி விசிட் விசாவில் ஓமானுக்குக் கொண்டுபோகப்பட்ட எங்கள் நாட்டுப் பெண்கள் தூதரகத்தின் பாதுகாப்பு இல்லத்தில் தஞ்சமடைந்ததைப் பத்திரிகைகளில் படித்தோம். விசிட் விசா என்பது பார்த்துவிட்டு வருவதற்கு. நானும் அதில்தான் போனேன். அதில் வேலை செய்யப் போகிறவளுக்கு ஒப்பந்தமும் இல்லை, காப்புறுதியும் இல்லை. ஆகவே போக நினைக்கும் தோழியர் ஒவ்வொருவரும் இவற்றைக் கேளுங்கள். என்னுடைய விசா வேலை விசாவா? இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் என் பெயர் பதியப்பட்டதா? ஏஜென்சிக்கு உரிமப் பத்திரம் இருக்கிறதா? ஒப்பந்தத்தில் சம்பளம், ஓய்வு நாள், எஜமானரின் பெயர், முகவரி எல்லாம் எழுதியிருக்கிறதா? எனக்கு விளங்கும் மொழியில் வாசித்துக் காட்டினார்களா? கடவுச்சீட்டில் என் உண்மையான பிறந்த திகதி இருக்கிறதா? சந்தேகம் இருந்தால் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு எடுங்கள். பிரதேச செயலகத்தில் இருக்கும் வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் போங்கள்.

அந்தப் பிள்ளை கூட்டம் முடிந்தபின் என்னிடம் வந்து, “அக்கா, காசில நாப்பதாயிரத்துக்குக் கூரைத்தகடு வாங்கிப் போட்டன். போகாட்டி எப்படித் திருப்பிக் குடுக்கிறது?” என்றாள். ஏஜென்ட்மாரின் பிடி அந்த இடத்தில்தான் இருக்கிறது. ஆலோசனை சொல்ல எங்களுக்கு எளிது. வாங்கிய கடன்தான் பெண்ணை விமானத்தில் ஏற்றுகிறது.

அடுத்த கூட்டத்தில் சங்கத் தலைவி இதை எடுத்தார். சுழற்சி நிதியில் இருந்து 40,000 ரூபா, மாதம் 2,000 வீதம் திருப்பிக் கட்டும்படி கொடுக்கத் தீர்மானித்தார்கள். முழுக் காசையும் மூன்று அங்கத்தவர்கள் கூடப்போய் ஏஜென்டிடம் கொடுத்து, கடவுச்சீட்டை வாங்கிவந்தார்கள். அவர் சத்தம் போட்டார். ஆனால் மூன்று பெண்கள் முன்னால் நின்றபடியால் கொடுத்தார்.

அவள் இனிப் போகவே மாட்டாள் என்று நான் சொல்லவில்லை. பணியகத்தில் பதிந்து, பயிற்சி எடுத்து, கட்டாருக்கோ வேறெங்கோ முறையாகப் போகலாம் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறாள். பிள்ளையை யார் பார்ப்பது என்று அம்மாவோடும் தம்பியோடும் இருந்து கதைக்கிறாள். போவதா இருப்பதா என்பது அவளுடைய முடிவு. அந்த முடிவைக் கடன் எடுக்காமல் அவளே எடுப்பதற்கு 40,000 ரூபாவும் மூன்று பெண்களும் தேவைப்பட்டார்கள். உங்கள் ஊர்ச் சங்கத்திலும் சுழற்சி நிதி இருக்கும். அடுத்த கூட்டத்தில் இதைக் கதைத்துப் பாருங்கள்.